குடைக்காரியின் இடது ஓரம்

என் தங்கையின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற மனிதர் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். "ஊருக்கெல்லாம் லிஃப்ட், உங்க வீட்டுக்கு மட்டும் முழங்காலா மாப்பிள்ளை?" என்று நான் கேலி செய்யாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவரும் சிரிப்பார். அதெல்லாம் என் தங்கைக்கு இடுப்பு மூட்டு தேயத் தொடங்குவதற்கு முன்னால். இப்போது அந்தக் கேலியை நான் வாயில் எடுப்பதில்லை.

மாப்பிள்ளை ஒல்லி. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, துணிக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு அலமாரியைத் திறப்பார். உள்ளே அட்டைகள். ஜப்பான்காரர்களின் அனிமே படங்களில் வருகிற ஆட்கள், மிருகங்கள், பூதங்கள் எல்லாம் அச்சடித்த, சீட்டுக்கட்டு அளவிலான அட்டைகள். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய கடையில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், சாப்பாட்டு நேரத்தில் பொழுதுபோகாமல் ஒரு பாக்கெட் வாங்கினாராம். அன்று பிடித்தது, விடவில்லை. தங்கை முதல் முறை அலமாரியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து, "அண்ணா, நீ எனக்கு மாப்பிள்ளை பார்த்தியா, இல்ல ஸ்கூல் பையனைப் பார்த்தியா?" என்று கேட்டாள்.

நான் அச்சகத்தில் கட்டிங் மாஸ்டர். இருபத்தேழு வருடமாகக் காகிதம் வெட்டுகிறேன். எனக்குத் தெரிந்த வரையில் அச்சடித்த காகிதத்துக்குக் கடைசி விலை பழைய பேப்பர்காரர் தராசில் வைப்பதுதான். "நகை வாங்குங்க, நிலம் வாங்குங்க, ஒண்ணும் முடியலன்னா பேங்க்ல போடுங்க. யாராவது பொம்மைப் படத்துல காசைப் போடுவாங்களா?" என்று நான் கத்துவேன். அவர் கோபப்பட மாட்டார்.

"மச்சான், என்கிட்ட ஆயிரத்து இருநூறு அட்டை இருக்கு. அதுல யாராவது காசு குடுத்து வாங்குவாங்கன்னா ஒம்போதுதான் தேறும். அந்த ஒம்போதுல ஒண்ணுதான் நிஜமான விலைக்குப் போகும். மிச்சமெல்லாம் எனக்குப் பிடிச்சதுக்காக வாங்கினது."

"அப்ப இது முதலீடா, விளையாட்டா? ஒரு பக்கம் சொல்லுங்க."

"விளையாட்டுக்குத்தான் வாங்கினேன். ஒண்ணு தானா விலை ஏறிப்போச்சு. முதலீடுன்னு நினைச்சு வாங்கினவன்லாம் பெட்டி பெட்டியா வச்சுக்கிட்டு முழிக்கிறான்."

அந்த ஒன்றுதான் குடைக்காரி. மழையில் ஒரு திமிங்கிலத்தின் முதுகில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற சிறுமி. சுற்றிலும் வெள்ளை ஓரம். மாப்பிள்ளை அதைப் பதினான்கு வருடம் முன்பு அவருடைய சிநேகிதரான ஒரு பொம்மைக்கடைக்காரரிடம் மூன்று நாள் சம்பளம் கொடுத்து வாங்கியிருந்தார். அந்தப் படம் பாதியில் நின்றுபோய் எல்லாரும் மறந்துவிட்டார்கள். பிறகு யாரோ அதை மறுபடி எடுக்க, உலகம் முழுக்கக் குடைக்காரிக்குத் தேடல் கிளம்பியது. வாங்குவதற்கு ஒருவர் தயாராக இருந்தார். அவர் சொன்ன தொகைக்கு, எங்கள் தெருவிலேயே காலியாக இருந்த ஒரு கீழ்த்தளத்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். இரண்டு அறை. வாசலில் ஒரே ஒரு படி. தங்கை போய்ப் பார்த்து, ஜன்னலுக்குத் திரை தைக்க அளவுகூட எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஒரு நிபந்தனை இருந்தது. இந்த அட்டைகளைப் பரிசோதித்துப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுகிற நிறுவனங்கள் வெளிநாட்டில் உண்டு. ஒன்பது வந்தால் முழு விலை, எட்டு வந்தால் பாதி. "இடது பக்க ஓரம் கொஞ்சம் அகலமா விழுந்திருக்கு மச்சான். அச்சடிக்கும்போதே அப்படி. கீழ் மூலையும் லேசா பிசிறு. எட்டரை நிச்சயம். ஒம்போது வந்தா அவ அதிர்ஷ்டம்" என்றார். அவர் அவள் என்றது என் தங்கையை.

அந்த வாரம் எங்கள் அச்சகத்தில் காகிதக் கட்டுக்குள் ஒரு ஸ்டேப்ளர் பின் கிடந்து, கத்தியின் வாயில் பொடிச் சில்லு பெயர்ந்திருந்தது. வெட்டுகிற ஒவ்வொரு கட்டின் ஓரத்திலும் தலைமுடி போல ஒரு கோடு விழும். கத்தியைச் சாணைக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆர்டர் அவசரம் என்று இரண்டு நாள் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்தது அந்த இரண்டாவது நாள்.

தபாலில் அனுப்பும்போது அட்டை வளையாமல் இருக்க, இரண்டு பக்கமும் வைக்கத் தடித்த அட்டை அளவாக வெட்டித் தரச் சொன்னார். உட்காரக்கூட இல்லை, போன் வந்துவிட்டது. எங்கோ லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்களாம். குடைக்காரியை உறையோடு என் கையில் கொடுத்தார்.

"மச்சான், நீங்களே பார்சல் பண்ணிடுங்க. உங்ககிட்ட இருந்தா என் கையில இருக்கிற மாதிரி. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போய் அனுப்பிடறேன்."

அவர் போனதும் அட்டையை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடது ஓரம் அரை மில்லிமீட்டர் கூடுதல். கீழ் மூலையில் பிசிறு. இருபத்தேழு வருடமாக நான் செய்கிற வேலையே இதுதான்: அச்சு கோணலாக விழுந்தால் ஓரத்தைச் சமன் செய்வது, பிசிறை எடுப்பது. கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் கம்பெனி டைரியாக இருந்தாலும் என் கத்திக்குக் கீழே போய் வந்தால் நாலு ஓரமும் கண்ணாடிபோல் இருக்கும். அரை மார்க் குறைகிறதே என்று மாப்பிள்ளை ஏங்கிக்கொண்டிருக்கிறார், மருந்து என் கையில் இருக்கிறது. இதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, தோன்றியது. ஒன்பது வந்த பிறகு, "அது யாரால வந்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதை அமுக்கிவிட்டது.

மேலும் கீழும் பத்துத் தாள் கொடுத்து, பக்கத் தடுப்பில் ஒட்டி நிறுத்தி, அழுத்தி, ஒரே வெட்டு. இடது ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு கீற்று கழன்று விழுந்தது. இரண்டு பக்கமும் அச்சொட்டாகச் சமம். மூலை ஊசிபோல் நின்றது. சந்தோஷத்தில் அப்படியே மீதித் தாளில் அவருக்கு அட்டைக் கணக்கு எழுத ஒரு நோட்டும் வெட்டிக் கட்டினேன். சாயங்காலம் வந்தவர் நோட்டை வாங்கிக்கொண்டு, நான் டேப் ஒட்டிய அழகைப் பார்த்துவிட்டு, "இதைப் பிரிக்க மனசு வருமா மச்சான்?" என்று சொல்லி, பிரிக்காமலே கொண்டுபோய் அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அட்டை திரும்பி வந்தது. அன்று அவர் குரல் போனில் மெலிந்து கேட்டது.

"மார்க்கே போடல மச்சான். ஓரம் வெட்டினதுன்னு சீட்டு எழுதித் திருப்பிட்டாங்க. அகலம் அரை மில்லி குறையுதாம்."

"வெட்டினா என்ன? அழகாத்தானே இருக்கும்?"

"கோணலா இருந்தாலும் அது பொறந்தபடி இருக்கணும். கத்தி பட்டா அது செத்த அட்டை. இனிமே யாரும் தொடமாட்டாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்த குரங்கு என் தங்கையின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். போன் கையில் இருந்தது, எதிர்முனையில் அவர் இருந்தார். "அட கஷ்டமே" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் பொறுத்து, மாப்பிள்ளை பொம்மைக்கடைக்காரரைப் பார்க்கக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். "நீங்க காகிதம் தெரிஞ்சவர். நீங்க சொன்னா அவர் மறுக்க முடியாது" என்றார். வயிற்றுவலி என்று படுத்திருக்கலாம். போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமோ என்ற பயத்தில்தான் போனேன்.

பொம்மைக்கடைக்காரர் வழுக்கைத் தலையும் பெரிய கண்ணாடியும் உள்ள, அறுபதைத் தாண்டிய மனிதர். எங்களைப் பார்த்ததும் இரண்டு முக்காலியை இழுத்துப் போட்டார். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"பதினாலு வருஷம் உங்களைத்தானே நம்பினேன்? வெட்டின அட்டையை என் தலையில கட்டிட்டீங்களே!"

"தம்பி, சத்தியமா சொல்றேன், பாக்கெட்டைப் பிரிச்சு உங்க கண்ணு முன்னாடிதான் எடுத்துக் குடுத்தேன். நான் ஏன் வெட்டப்போறேன்?" அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "சார், நீங்க பிரஸ்ல இருக்கீங்கன்னு தம்பி சொல்லியிருக்கார். நீங்களே சொல்லுங்க, இது வெட்டினதா?"

நான் அட்டையை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். என் வேலை எனக்குத் தெரியாதா?

"வெட்டினதுதான்" என்றேன்.

சொன்னது உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு உண்மைக்கு ஈடாகாது. நாங்கள் கடையை விட்டு இறங்கும்போது பொம்மைக்கடைக்காரர் அந்த முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

கீழ்த்தளத்து வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டு பேராக வந்துகொண்டிருந்தவர்களில் தங்கை நின்றுவிட்டாள். இறங்கிவிடலாம், ஏறுவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை மட்டும் வருவார், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார், தங்கைக்கு அடுக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போவார். என் மனைவி அதில் ஒரு அடுக்கு அதிகமாக வைக்கும்போதெல்லாம் நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய்விடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? மனைவியிடமும் சொல்லவில்லை. வெட்டி விழுந்த அந்தக் கீற்றை மட்டும் என் அடையாள அட்டை உறைக்குள் வைத்திருந்தேன். அன்று பெருமைக்காக எடுத்து வைத்தது. பிறகு எறிய முடியவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டே அலைந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கேட்டார்.

"மச்சான், உங்க மெஷின் கத்தியைச் சாணை பிடிச்சாச்சா?"

"அது அப்பவே போச்சே. மாசாமாசம் போகும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். லிஃப்டிலும் கத்தி கித்தி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு நான் மோர் ஊற்றிக்கொண்டேன். புத்திசாலி என்று பெயர் எடுத்தவன்தான் நான்.

இப்படியே மாதங்கள் ஓடின. போன வாரம் தங்கைக்கு மருந்து கொடுக்க அவர்கள் கட்டடத்துக்குப் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் காய்கறிப் பை.

"என்னம்மா இது?"

"என் ஸ்டேஷன் அண்ணா. இங்க வண்டி பத்து நிமிஷம் நிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "அவர்தான் வாங்கிப் போட்டார். லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கு இந்த வசதிகூட இல்லன்னா எப்படி?"

அது என் கேலி. என்னிடமே திருப்பிக் கொடுத்தாள், ஒன்றும் தெரியாமல். பையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் இரண்டு மாடி ஏறினேன். படிக்குப் படி அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றுவதைப் பார்த்தேன். இதற்குமேல் தாங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் நேராக மாப்பிள்ளையிடம் போகிற தைரியம் வரவில்லை. மறுநாள் முதலில் பொம்மைக்கடைக்குப் போனேன். அந்நியரிடம் அவமானப்படுவது சுலபம் என்று கணக்குப் போட்டேன். கடையில் யாரும் இல்லை. நின்றபடியே சொன்னேன்.

"ஐயா, அந்த அட்டையை வெட்டினது நான்தான். உங்க மேல தப்பே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முக்காலி போடவில்லை.

"தெரியும். தம்பி ஆறு மாசம் முன்னாடியே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஒரு நோட்டு கொண்டுவந்தார். அதோட ஓரத்துல ஒரு கோடு. அட்டையோட ஓரத்துலயும், பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா, அதே மாதிரி ஒரு புள்ளி. மூலையிலேர்ந்து ஸ்கேல் வச்சு அளந்து காட்டினார். ரெண்டும் ஒரே தூரம். ஒரே கத்தின்னார்."

"யார் வெட்டினதுன்னு சொன்னாரா?"

"சொல்லல. நான் கேக்கவும் இல்ல. நோட்டு அட்டையில பிரஸ் பேர் போட்டிருந்துச்சு." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க வெட்டினதுகூடப் பரவாயில்ல சார். அன்னைக்கு என் கையிலேர்ந்து வாங்கிப் பார்த்தீங்களே."

அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்கு நடந்தேன். நான்கு மாடியும் நிற்காமல் ஏறினேன். மாப்பிள்ளை வீட்டில் இருந்தார், கையுறை மாட்டி அட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் உட்காராமல் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி, உறைக்குள்ளிருந்த கீற்றை மேசைமேல் வைத்தேன்.

"மாப்பிள்ளை, நான்தான்."

அவர் அதைச் சின்ன இடுக்கியால் எடுத்தார். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளா இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா சுத்தினீங்க?"

"ஒம்போது வரணும்னுதான் செஞ்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் சொல்லப் பயந்துட்டேன். அந்தப் பெரியவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன். அவர் எல்லாம் சொல்லிட்டார்."

"சும்மா சொல்லக்கூடாது, நேராத்தான் வெட்டியிருக்கீங்க" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி வைத்தார்.

"தெரிஞ்சதும் ஏன் என்னைக் கேக்கல மாப்பிள்ளை? ஆறு மாசம்!"

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்க. அது எனக்கு எதுக்கு?" அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "கத்தியைப் பத்திக்கூட எடுத்துக் குடுத்தேன். மோர் குடிச்சீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், இன்னைக்குச் சொல்லுவார், இன்னைக்குச் சொல்லுவார்னு வந்து உக்காருவேன். நான் என்ன சாப்பிடவா மச்சான் வந்தேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும், மாதாமாதம் என் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டு முன்பணத்துக்கென்று தருகிறேன் என்றேன்.

"குடுங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு நான் மகான் இல்ல. ஆனா மெதுவாப் பேசுங்க. அவளுக்குத் தெரியாது."

"தங்கச்சிகிட்ட சொல்லலையா?"

"உங்களைப் பத்தியா? நான் எப்படிச் சொல்லுவேன்? அவளுக்கு நீங்கதானே எல்லாம். அட்டை பொறந்தப்பவே வெட்டு வாங்கியிருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அப்போது கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி, நடுவில் நின்றது. ஸ்டூல் தரையில் உரசும் ஒலி மேலே வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். எனக்கும் அது வசதிதான். தலையை ஆட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு கேலி பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆறு மாதம் அவர் சுமந்ததை மிச்சக் காலத்துக்கும் அவரே சுமந்துகொள்வார்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையால் இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. முதல்ல நீ உக்காரு" என்றேன், என்ன பேசுகிறேன் என்று தெரியாமல்.

"நான் உக்காந்துதான் அண்ணா இருக்கேன்" என்றாள். "சொல்லு."